கதவைத் தட்டும் செய்திகள்



ஸுப்ஹு பாங்கிற்குச் சற்று முன்னரே எழுந்துவிடுவது எமது நெடுநாள் வழக்கம். தொழுது முடித்து, ஒரு ஜுஸ்உவில் பாதியேனும் ஓதி, முஸல்லாவை மடித்து வைக்கும் வரையில் மனம் நம் வசத்தில் இருக்கிறது. மடித்து வைத்த கை அடுத்து எதை நாடுகிறது என்பதில்தான் சோதனை தொடங்குகிறது. அடுக்களை மேடையில் உப்பு ஜாடிக்கும் தேயிலை டப்பாவுக்கும் நடுவே, இரவெல்லாம் சார்ஜில் கிடந்த கைப்பேசி இருக்கிறது. காலை நேரத் திக்ருகள் இன்னும் ஓதி முடியவில்லை என்பது தெரியும். இருந்தும், பிள்ளைகளின் பள்ளியிலிருந்து ஏதேனும் தகவல் வந்திருக்குமோ என்றொரு சாக்கைச் சொல்லிக்கொண்டு கை நீள்கிறது. பெண்கள் மதரஸாவில் 14 ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் ஒருத்தியின் நிலையே இதுதான் என்பதை மறைக்காமல் எழுதுகிறோம்.

மதரஸா ஒன்பதரை மணிக்குத் தொடங்கும். அதற்குள் வீட்டில் நடந்தாக வேண்டியவை பல. மாமிக்குச் சீனி வியாதி. எட்டு மணிக்குள் அவர்களுக்குப் பசியாறக் கொடுத்து மாத்திரையையும் கொடுத்துவிட வேண்டும். மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்குகிறது. ஏழாம் வகுப்பு படிக்கும் மகனுக்குக் காலுறையில் ஒன்று நாள்தோறும் காணாமற்போகும். கணவர் துபாயில் பணிபுரிகிறார். இங்கே ஏழரை மணியாகும்போது அங்கே ஆறு; தொழுதுவிட்டு வேலைக்குப் புறப்படும் முன் அழைப்பார். இவற்றுக்கிடையே கூடத்துத் தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்.

மாமிக்குப் பார்வை மங்கிவிட்டது. செய்தியைக் காதால் கேட்பதோடு சரி. காஸா என்ற சொல் காதில் விழுந்ததும் தஸ்பீஹ் உருட்டும் விரல் நின்றுவிடும். "பச்சப் புள்ளயல எல்லாம் இப்படிப் பண்றானுவளே" என்று தமக்குள் முனகிவிட்டுக் கையேந்துவார்கள். கேட்டார்கள், கலங்கினார்கள், அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். யாருக்கும் அனுப்பவில்லை. ஒரு துயரச் செய்தியைக் கேட்ட முஃமின் முதலில் செய்ய வேண்டியது இதுதானோ என்று, மாவு பிசைந்தபடியே நாம் பலமுறை எண்ணியதுண்டு.

இந்த ஷஃபான் மாதத்தில் ஒரு வியாழக்கிழமைக் காலை நிகழ்ந்ததையே இங்கு எழுத முனைகிறோம்.

அன்று கைப்பேசியைத் திறந்தபோது மஹல்லாப் பெண்கள் குழுவில் 38 தகவல்கள் சேர்ந்திருந்தன. முதலாவது ஒரு புகைப்படம். கறுப்பு புர்கா அணிந்த பெண்ணொருத்தியின் முதுகுப்புறம் தெரிகிறது. தோளில் ஒரு துணிப்பை. எம் ஊர் மேலத்தெரு முனையிலுள்ள மின்கம்பத்தின் அருகே நிற்கிறாள். அதற்கடுத்து நீண்டதோர் எழுத்துச் செய்தி: பிள்ளை பிடிக்கும் கும்பல் ஊருக்குள் இறங்கியிருக்கிறது, முஸ்லிம் பெண்களைப் போல் புர்கா அணிந்து வருகிறார்கள், பள்ளிக்கும் மதரஸாவுக்கும் பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள், எல்லாக் குழுக்களுக்கும் உடனே பகிருங்கள். அதன்பின் வந்தவை எல்லாம் அச்சத்தின் குரல்கள். நேற்றே எங்கள் தெருவில் பார்த்தேன் என்றார் ஒருவர். ஆணாகத்தான் இருக்கும், நடையே சரியில்லை என்றார் இன்னொருவர். பிடித்துக் கட்டிவைத்து விசாரிக்க வேண்டும் என்று எழுதியவரும் உண்டு. இறுதியில் இரண்டு தாய்மார்கள் எம்மையே கேட்டிருந்தார்கள்: ஆலிமா, இது உண்மையா? இன்று பிள்ளையை ஓத அனுப்பலாமா?

மகள் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். "உம்மா, நான் எப்படித் தனியாப் பள்ளிக்கூடம் போறது?" என்றாள்.

அடுப்பில் பால் பொங்கி வந்தது. அதை இறக்கி வைத்துவிட்டு, எழுதத் தொடங்கினோம். 'எச்சரிக்கையாக இருப்போம்' என்று இரண்டு சொற்களை அடித்தாயிற்று. அனுப்பும் குறியின் மேல் விரல் போன நேரத்தில், அந்த இரண்டு சொற்களையும் கண் பார்த்தது. இதே இரண்டு சொற்களை நாம் முன்பு ஒருமுறை எழுதியிருக்கிறோம். விரல் நின்றது.

சென்ற மழைக்காலத்தில் நடந்தது அது. எம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ராத்தா இருக்கிறார்கள். கணவர் மௌத்தாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஸுப்ஹுக்கு முன்பே எழுந்து, வறுத்த அரிசி மாவில் வெந்நீர் ஊற்றிப் பிசைந்து, அச்சில் பிழிந்து, ஓலைத்தட்டுகளில் அவித்து, விடியும்போது இடியாப்பக் கூடையோடு வாசலில் அமர்ந்துவிடுவார்கள். சாதாரண நாளில் 200 இடியாப்பம், வெள்ளிக்கிழமையில் 300. அந்த வருமானத்தில் மகளைக் கட்டிக்கொடுத்தார்கள். மகன் ஐ.டி.ஐ. படிக்கிறான்.

அந்த மழைக்காலத்தில் ஊரில் சிலருக்கு மஞ்சள் காமாலை கண்டது. எம் மாணவியரிலும் இருவருக்கு வந்தது. ஒருநாள் காலை, இதே அடுக்களையில், இதே கைப்பேசியில் ஒரு குரல் பதிவைக் கேட்டோம். இடியாப்பம் விற்கும் வீட்டிலிருந்துதான் நோய் பரவுகிறது, அந்த வீட்டுத் தண்ணீர் சரியில்லை, யாரும் வாங்காதீர்கள் என்று ஒரு பெண் பேசியிருந்தார். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை; அந்தப் பகுதியில் இடியாப்பம் விற்கும் வீடு ஒன்றுதான். பேசியவர் யார் என்று நாம் கேட்கவில்லை. அவருக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்கவில்லை. மாணவியர் நலனில் அக்கறை என்று மனம் சமாதானம் சொன்னது. 'எச்சரிக்கையாக இருப்போம்' என்று எழுதி, மதரஸாப் பெற்றோர் குழுவுக்கு அதை அனுப்பிவிட்டுத் தேங்காய்ப்பால் பிழியப் போனோம்.

ஒரு மணி நேரத்தில் அந்தப் பதிவு வேறொரு வழியாக எமக்கே திரும்பி வந்தது. இம்முறை அதனுடன் ஒரு வரி சேர்ந்திருந்தது: மதரஸா ஆலிமாவே சொல்லிவிட்டார்கள்.

யாரென்று தெரியாத ஒருவரின் பேச்சு, எம் கையைத் தாண்டியதும் ஆலிமாவின் வார்த்தையாகிவிட்டது. 200 இடியாப்பம் 30 ஆயிற்று. பத்து நாளில் ராத்தாவின் அடுப்பு எரியவில்லை.

மூன்று வாரம் கழித்துச் சுகாதாரப் பணியாளர்கள் வந்து நீரைச் சோதித்தார்கள். வேறொரு தெருவில், குடிநீர்க் குழாயும் சாக்கடையும் குறுக்கிடும் இடத்தில் கசிவு இருந்தது. நோய் கண்ட வீடுகள் எல்லாம் அந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தவை. மதரஸாவுக்கு வந்து பேசிய மருத்துவர் விளக்கினார்: இவ்வகைக் காமாலை அசுத்த நீர் வழியே பரவும் கிருமியால் வருவது, கிருமி உடலில் புகுந்து இரண்டு முதல் ஏழு வாரம் கழித்தே நோய் வெளியே தெரியும், நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி அழிந்துவிடும். கேட்டுக்கொண்டிருந்த எமக்குத் தலை கவிழ்ந்தது. கொதிநீரில் பிசைந்து, ஆவியில் அவித்து எடுக்கும் ஒரு பண்டத்தின் மேல் பழி போட்டிருக்கிறோம். முதலில் நோய் கண்ட வீட்டார் ராத்தாவிடம் வாங்குபவர்களே அல்லர் என்பதும் பின்னர்தான் தெரிந்தது.

பிறகு நாம் என்ன செய்தோம்? அந்தப் பதிவைக் குழுவிலிருந்து அழிக்கப் பார்த்தோம். எல்லாருக்கும் அழிக்கும் காலம் கடந்திருந்தது. எமது கைப்பேசியில் மட்டும் அழிந்தது. மறுநாள் முதல் ராத்தாவிடம் நாள்தோறும் 20 இடியாப்பம் வாங்கத் தொடங்கினோம். எம் வீட்டுக்கு 12 போதும். மிச்சத்தை மதரஸாவுக்கு எடுத்துச் சென்றோம். இதுவே பரிகாரம் என்று எண்ணிக்கொண்டோம். ராத்தாவிடம் பட்டன் போன் மட்டுமே இருக்கிறது. எந்தக் குழுவிலும் அவர்கள் இல்லை. யார் அனுப்பியது என்பதே அவர்களுக்குத் தெரியாது. ஒருநாள் கூடையில் இடியாப்பத்தை அடுக்கியபடி, "ஊரே ஒதுக்குன நேரத்துலயும் நீங்க மட்டுந்தான் ஆலிமா என்னய விடல" என்றார்கள். 20 எண்ணி முடித்து, மேலே ஒன்றும் வைத்தார்கள். அந்த இருபத்தொன்றாவது இடியாப்பத்தை வாங்கிக்கொண்டு வீடு வந்தோம். வாய் திறக்கவில்லை.

இதில் எம்மை இன்னும் வருத்தும் ஒன்று உண்டு. 2020 மார்ச் இறுதியில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸின் பெயரால் நம் சமுதாயத்தின் மீது சொரியப்பட்ட பழியை நாம் மறக்கவில்லை. நோயைப் பரப்பவே இவர்கள் பழத்தில் எச்சில் துப்புகிறார்கள் என்று காணொளிகள் சுற்றின. தெருவில் வண்டி தள்ளிப் பிழைத்த பழ வியாபாரிகள் பெயர் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, தப்லீக் நிகழ்வுக்கு வந்த வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்துச் செய்து, அவர்கள் பலியாடுகளாக்கப்பட்டார்கள் என்று கண்டித்தது. ஆனால் பொய் எட்டிய கைகளுக்கெல்லாம் அந்தத் தீர்ப்பு எட்டியதா? அன்று நாம் வகுப்பில் கண்கலங்கப் பேசினோம். விசாரிக்காமல் ஓர் ஏழை வியாபாரியின் வயிற்றில் அடிக்கும் சமூகம் எத்தகையது என்று கேட்டோம். சில ஆண்டுகளில், விசாரிக்காமல் ஓர் ஏழை விதவையின் வயிற்றில் அடித்தது எமது கை. அங்கே அடித்தவர்களும் எச்சரிக்கையாக இருப்போம் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நாம் மாணவியருக்கு நடத்தும் பாடங்களில் ஒன்று ஹதீஸ் கலையின் அடிப்படைகள். ஒரு செய்தி கையில் கிடைத்தால் அதன் இஸ்னாதைப் பார். இவர் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்று சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மேலே போ. நடுவில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் நிறுத்து. அறியப்படாதவர் ஒருவர் இருந்தாலும் நிறுத்து. ஒரு மனிதர் தொழுகையாளியா என்பதோடு இமாம்கள் நின்றுவிடவில்லை. அவருடைய நினைவாற்றல் எத்தகையது, முதுமையில் குழம்பினாரா என்றுகூட ஆராய்ந்தார்கள். இத்தகைய கலையைத் தந்த உம்மத்தில் பிறந்து, அதையே பிழைப்பாகவும் கொண்ட நாம், பெயர் தெரியாத ஒரு குரலை நம்பினோம்.

சூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனத்தை அறியாதவர் நம்மில் குறைவு. தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்தாதிருக்க, அதை நன்கு தெளிந்துகொள்ளுமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான். அங்கே வரும் 'தபய்யனூ' என்ற சொல்லுக்குத் தெளிவு பெறுங்கள் என்று பொருள். ஹம்ஸா, கிஸாயீ ஆகியோரின் கிராஅத்தில் அது 'ததப்பதூ' என்று ஓதப்படுகிறது. அதற்கு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், அவசரப்படாமல் நில்லுங்கள் என்று பொருள். முதலில் நிற்க வேண்டும். பின்னர் தேட வேண்டும். நின்றால்தான் தேட முடியும்.

அன்று காலை எமது நெஞ்சில் வந்து நின்றதோ உமர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. அவர்கள் மதீனாவின் மேட்டுப்பகுதியில் குடியிருந்தார்கள். அண்டை வீட்டார் ஓர் அன்ஸாரித் தோழர். நபி (ஸல்) அவர்களின் சபைக்கு ஒருநாள் இவர், ஒருநாள் அவர் என்று முறைவைத்துச் செல்வார்கள்; சென்றவர் அன்றைய செய்தியை வந்து சொல்வார். ஓர் இரவில் அந்த அன்ஸாரித் தோழர் கதவைப் பலமாகத் தட்டினார். பெரும் விபரீதம் நிகழ்ந்துவிட்டது என்றார். கஸ்ஸான் படையெடுத்து வந்துவிட்டதோ என்று உமர் (ரலி) கேட்டார்கள். அதைவிடப் பெரிது, நபியவர்கள் தம் மனைவியரை விவாகரத்துச் செய்துவிட்டார்கள் என்றார் அவர். நபியவர்களின் மனைவியருள் ஒருவர் உமர் (ரலி) அவர்களின் மகள் ஹஃப்ஸா (ரலி). செய்தி தம் மகளைப் பற்றியது; கொண்டு வந்தவரோ நம்பிக்கைக்குரிய நண்பர். ஆயினும் அவர்கள் என்ன செய்தார்கள்? ஸுப்ஹு தொழுகைக்குப் பள்ளிக்குச் சென்றார்கள். மகளிடம் போனார்கள். அழுதுகொண்டிருந்த மகளிடம் கேட்டார்கள். தமக்குத் தெரியாது என்றார் மகள். ஊரே விவாகரத்து என்று உறுதியாகப் பேசுகிறது. சம்பந்தப்பட்டவர் தெரியாது என்கிறார்! நபியவர்கள் தனித்திருந்த மாடியறைக்குச் சென்று, அனுமதி கிடைக்காமல் திரும்பி, மீண்டும் மீண்டும் கேட்டு, அனுமதி கிடைத்ததும் நேரடியாகக் கேட்டார்கள். இல்லை என்ற பதில் கிடைத்தது. அவர்கள் ஒரு மாதம் விலகியிருப்பதாகவே சத்தியம் செய்திருந்தார்கள்.

ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் அறிவிப்பில் இன்னொன்று வருகிறது. உண்மையை அறிந்த உமர் (ரலி) அவர்கள், அதை மனத்தோடு வைத்துக்கொண்டு வீடு திரும்பவில்லை. பள்ளிவாசலின் வாயிலில் நின்று, தம்மால் இயன்ற அளவு உரத்த குரலில், நபியவர்கள் விவாகரத்துச் செய்யவில்லை என்று அறிவித்தார்கள்.

இந்த ஹதீஸை வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறோம். விசாரித்தார்கள் என்ற பகுதியையே விரித்துப் பேசுவோம். வாயிலில் நின்று உரக்கச் சொன்னார்கள் என்பதை ஒரு வரியில் கடந்துவிடுவோம். பொய் எவ்வளவு தூரம் போயிற்றோ, அவ்வளவு தூரம் உண்மையும் போக வேண்டும் என்பது அதில் இருக்கிறது. நாம் உரக்கச் சொல்லவில்லை. 20 இடியாப்பம் வாங்கினோம்.

எழுதிய இரு சொற்களையும் அழித்தோம். மாமிக்குத் தட்டு வைத்துவிட்டு, கைப்பேசியை மீண்டும் எடுத்து அந்தச் செய்தியை நிதானமாகப் பார்த்தோம். எழுத்துச் செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தது. பல கைகள் மாறி வந்தது என்பதற்கு அது அடையாளம். புகைப்படத்தில் எந்த அம்புக்குறியும் இல்லை. ஆக, படம் நம் ஊரில் எடுத்தது. எழுத்து எங்கிருந்தோ வந்தது. முதலில் அனுப்பிய பெண்ணை அழைத்தோம். "படம் நாந்தான் எடுத்தேன் ஆலிமா. அந்த மெசேஜ் எந்தங்கச்சி அவ ஊர்க் குழுவுலேருந்து அனுப்புனா. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்னு சேத்துப் போட்டேன்" என்றார். வேண்டுமென்று செய்த பொய் அதில் ஏதுமில்லை. ஓர் அச்சத்தையும் ஓர் அந்நிய முகத்தையும் அவர் சேர்த்துவிட்டார், அவ்வளவுதான்.

அடுத்துப் பள்ளிவாசல் மோதினாரை அழைத்தோம். அவர் சிரித்துவிட்டார். "அந்தம்மா ஜக்காத்துக்கு வந்தவங்கம்மா. ரமலானுக்கு முன்னாடி வருவாங்கள்ல. அவங்க ஊரு ஜமாஅத் லட்டரு ஆபீஸுல இருக்கு. நேத்து ராத்திரி நம்ம ஆயிஷாம்மா வீட்டுத் திண்ணையிலதான் படுக்க வச்சோம்" என்றார். கணவர் படுத்த படுக்கை. மகளுக்கு நிக்காஹ் நாள் குறித்தாயிற்று. ஜமாஅத் செயலாளரிடமும் கேட்டோம். காவல் நிலையத்தில் விசாரித்துவிட்டு, அப்படியொரு புகாரே இல்லை என்று பத்து நிமிடத்தில் சொன்னார்.

ஏழரைக்குக் கணவரின் அழைப்பு வந்தது. ஸலாம் சொன்ன கையோடு, "புள்ளயல இன்னைக்கு அனுப்பாத. இங்க நம்மூர்க் குழுவுலயும் வந்துருச்சு" என்றார். யார் சொன்னது என்று கேட்டோம். "எல்லாருந்தான் சொல்றாங்க" என்றார். மேலத்தெருவில் நிற்கும் ஒரு பெண்ணின் முதுகு, விடிவதற்குள் கடலைக் கடந்து துபாய் போய்விட்டது. அவள் யாரென்ற விவரமோ இரண்டு தெரு தள்ளியுள்ள எம் வீட்டுக்கே வந்து சேரவில்லை.

2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில் நிகழ்ந்த கொடுமை நினைவுக்கு வந்தது. பிள்ளை பிடிப்போர் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியிருந்த நேரம். குலதெய்வக் கோவிலுக்கு வந்த ஒரு குடும்பத்தார் வழியில் நின்றார்கள்; அங்கிருந்த சிறுவர்களுக்கு ஒரு மூதாட்டி சாக்லேட் கொடுத்தார். கூட்டம் கூடி அடித்ததில் அவர் உயிரிழந்தார். வதந்தியை அனுப்பியவர்களில் எவரும் தம்மைக் கொலைகாரராக எண்ணியிருக்க மாட்டார். பிள்ளைகள் மேல் அக்கறை என்றே எண்ணியிருப்பார். 'பிடித்துக் கட்டி வைக்க வேண்டும்' என்று நம் குழுவிலும் ஒருவர் எழுதியாயிற்றே!

எட்டு மணி. மாமி மாத்திரை விழுங்கிவிட்டார்கள். எழுத்தைவிடக் குரலே நம் பெண்களைச் சென்றடையும் என்பதால், அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினோம். அந்தப் பெண் யார், எதற்காக வந்திருக்கிறார், யாரிடம் விசாரித்தோம் என்பதையெல்லாம் சொன்னோம். மதரஸா உண்டு, பிள்ளைகளை அனுப்புங்கள் என்றோம். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். நாம் விசாரித்துச் சொன்னவராக, பாராட்டுக்குரியவராகவே இருந்திருப்போம். ஆனால் நா நிற்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். சென்ற மழைக்காலத்தில் இடியாப்ப ராத்தாவைப் பற்றி வந்த குரல் பதிவைப் பெற்றோர் குழுவுக்கு அனுப்பியவர் நாமே என்றும், விசாரிக்காமல் அனுப்பினோம் என்றும், அது பொய் என்று தெரிந்த பின்னும் சொல்லாமல் மறைத்தோம் என்றும், அவர்களின் இடியாப்பத்தால் ஒருவருக்கும் நோய் வரவில்லை என்றும் சொன்னோம். மஹல்லாக் குழுவிலும் மதரஸாப் பெற்றோர் குழுவிலும் அதை இட்டோம்.

இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை. ஒரு தாய் தனியாக எழுதினார்: உங்களை நம்பித்தானே ஆலிமா பிள்ளையை ஓத அனுப்புகிறோம்? அவருக்கு எழுத எம்மிடம் பதில் இல்லை. இன்னொருவர் குழுவிலேயே, நானும் அனுப்பினேன் என்று எழுதினார். அவரைத் தொடர்ந்து மேலும் மூவர். மாமி கூடத்திலிருந்தே, "என்ன புள்ள, தனியா நின்னு அழுவுற?" என்று கேட்டார்கள். நடந்ததைச் சொன்னோம். சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அவகிட்ட சொன்னியா?" என்றார்கள்.

சொல்லவில்லைதான். அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான பாவத்திற்கு தவ்பா போதும். சக மனிதரின் உரிமையில் கைவைத்துவிட்டால், உரியவரிடமே மன்னிப்புப் பெற வேண்டும் என்று ஹக்குல் இபாத் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறோம். குழுவில் இல்லாத ராத்தாவுக்குக் குழுவில் போட்ட குரல் எப்படிக் கேட்கும்?

அன்று மதரஸாவுக்கு அரைமணி முன்னதாகப் புறப்பட்டோம். ராத்தா வாசலில் அமர்ந்து ஓலைத்தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் குந்தி அமர்ந்து சொன்னோம். தட்டைத் தேய்த்த கை நின்றது. நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மூணு நாளு மாவு புளிச்சு வாய்க்கால்ல கொட்டுனேன் ஆலிமா" என்றார்கள். "மவன் பீஸு கட்ட தோட்ட அடகு வச்சேன்" என்றார்கள். வேறெதுவும் திட்டவில்லை, திட்டியிருந்தால் எமக்கு எளிதாக இருந்திருக்கும். ஹலாலாக்கிக்கொள்ளும்படி வேண்டினோம். "ஹலால் பண்ணிட்டேன். போங்க, புள்ளைங்க காத்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த தட்டை எடுத்துக் கழுவத் தொடங்கினார்கள். தோட்டை மீட்க நாம் உதவுகிறோம் என்றதற்கு, "அது நான் மீட்டுக்குவேன்" என்றார்கள்.

மதரஸா வாசலில் அந்த வெளியூர்ப் பெண் நின்றிருந்தார். தோளில் அதே துணிப்பை. மாணவியர் இருவர் அஞ்சி ஒதுங்கி நின்றனர். நாம் ஸலாம் சொல்லி உள்ளே அழைத்து அமர்த்தி, தேநீர் கொடுத்தோம். தம் முதுகு இரவெல்லாம் எத்தனை கைகளில் சுற்றியது என்பது அவருக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். அன்று பாடத்தில் உமர் (ரலி) அவர்களின் ஹதீஸையே மீண்டும் நடத்தினோம். பள்ளிவாசலின் வாயிலில் நின்றதை இம்முறை ஒரு வரியில் கடக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் இடியாப்பம் வாங்கப் போனோம். ராத்தாவின் கூடையைச் சுற்றி முன்னைவிடக் கூட்டம் இருந்தது. முறை வந்ததும் எமது பாத்திரத்தை வாங்கி எண்ணி வைத்தார்கள். சரியாக 20. மேலே ஒன்று வைக்கவில்லை. அதுவே நியாயம் என்று வாங்கிக்கொண்டு வந்தோம். அந்த இருபத்தொன்றாவது இடியாப்பம் ஒருநாள் திரும்பி வருமா என்பது அவர்களின் உள்ளத்தைப் பொறுத்தது. உள்ளங்கள் ரஹ்மானின் வசத்தில் இருக்கின்றன.

சகோதர சகோதரிகளே, நாளைக் காலையும் நம் கதவைச் செய்திகள் தட்டத்தான் செய்யும். சிலவற்றுக்குத் துஆ மட்டுமே நம்மால் இயன்றது. சிலவற்றை விசாரித்தாக வேண்டும். நம் கையால் போன பொய் ஏதேனும் இருப்பின், அது போன தெருவுக்கெல்லாம் உண்மையையும் நம் கையாலேயே கொண்டு சேர்ப்போம். அதற்குமுன், முஸல்லாவை மடித்த கை முதலில் தஸ்பீஹை எடுக்கட்டும். பால் பொங்குவதற்குள் ஓதி முடித்துவிடலாம்.

யா அல்லாஹ், எங்கள் நாவுகளையும் விரல்களையும் காப்பாயாக. எங்களால் நாசமடைந்த உரிமைகளை இவ்வுலகிலேயே திருப்பிக் கொடுக்க எங்களுக்கு அவகாசம் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.